இரண்டு உயரத்தில் ஒரு மேடை

அரூர்,
மார்கழி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மணிமேகலைக்கு,

அக்கா குள்ளம்மாள் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் மாமாவின் முழங்கால் மட்டும் இந்தப் பனியில் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் நவநீதனும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிங்கக்கா, சரிங்கக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. இளம்பரிதியின் சிநேகிதன் ஒருவன் பெங்களூர் வருகிறான். அவனிடம் கொடுத்துவிடும் கேழ்வரகு மாவுப் பைக்குள் இதை வைக்கிறேன். மாவு ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

நம் சமையல்கட்டை இடிக்கப் போகிறார்கள். பதறாதே, நல்லதுக்குத்தான். இளம்பரிதிக்கும் கனிமொழிக்கும் மாடுலர் கிச்சன் வேண்டுமாம். என் மருமகளைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற டீச்சர், கரியேறின சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இட்லி ஊற்ற வேண்டும் என்று என்ன தலையெழுத்து? மார்கழியில் கை வைக்க வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். பொங்கல் கழிந்ததும் இடிக்கிறார்கள்.

தர்மபுரியிலிருந்து சிவக்குமார் என்று ஒரு தம்பி வந்தான். இந்த வேலைதான் செய்கிறானாம். லேப்டாப்பைத் திறந்து, இல்லாத சமையல்கட்டை இருப்பது போலவே காட்டினான். அலமாரிக்குக் கைப்பிடியே கிடையாது, விளிம்பில் விரலைக் கொடுத்து இழுக்க வேண்டும். புகையை இழுக்கச் சிம்னி. அடுப்பு கண்ணாடியில். நிறம்கூட இப்போது பளபளப்பாக இருக்கக் கூடாதாம், காய்ந்த இலை மாதிரி மங்கலாக இருப்பதுதான் புது மோஸ்தராம். ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே சுவரே இல்லை. அப்படியானால் கருவாட்டுக் குழம்பு வைக்கிற அன்று ஹாலில் உட்கார்ந்திருக்கும் சம்பந்தி வீட்டார் எங்கே போவார்கள் என்று கேட்டேன். கனிமொழி சிரித்துவிட்டாள்.

அந்தப் படத்தில் ஒரு பொண்ணு கையில் காப்பிக் கோப்பையோடு நின்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை, பாத்திரத் தொட்டியில் ஒரு கரண்டிகூட இல்லை. வேலை இல்லாதவள் எதற்குச் சமையல்கட்டில் நிற்கிறாள் என்று எனக்குப் பட்டது. அதைவிட, அவள் ஒருத்தியாக நின்றதுதான் பிடிக்கவில்லை. நம் சமையல்கட்டை ஒரு ஆளோடு நான் பார்த்ததே இல்லை, நீ போகும் வரைக்கும்.

அப்புறம் சிவக்குமார் டேப்பை எடுத்துக்கொண்டு, "யாருங்க சமைக்கறது? அவங்க ஒசரத்துக்குத்தான் மேடை கட்டணும்" என்றான். நான் அப்போது கடலைப்பருப்பு தாளித்துக்கொண்டு பலகை மேல் நின்றிருந்தேன். இளம்பரிதி என்னைக் காட்டி, "அம்மா ஒசரத்துக்கே போடுங்க. இனிமே இந்தப் பலக தொல்ல வேணாம்" என்றான். பாசமாகத்தான் சொன்னான். ஆனால் நான் பலகையை விட்டு இறங்கவில்லை.

உனக்கு அந்தப் பலகை நினைவிருக்கிறதா? நம் மாமனார் கட்டின மேடை அது. நான் மருமகளாக வந்தபோது அதன் முன்னால் நின்றால் உலை கொதிப்பது காதில் கேட்கும், கண்ணில் தெரியாது. பெயருக்குத் தகுந்த உயரம் என்று ஊரே சிரித்தது. மாமனார்தான் பலகை ஒன்றைச் செதுக்கிப் போட்டார். பிறகு நீ வந்தாய், நெட்டையாக. மேடை உனக்கென்றே கட்டின மாதிரி இருந்தது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வந்த மறுவாரமே, நான் சோற்று அடுப்பிலிருந்து குழம்பு அடுப்புக்கு நகர்ந்தபோது, நீ கையில் வெங்காயம் அரிந்துகொண்டே காலால் பலகையை என் பக்கம் தள்ளிவிட்டாய். நான் கேட்கவில்லை, நீயும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் எத்தனை வருஷம்! பண்டிகைக்குக் கிடா வெட்டி ஊருக்கே சோறு போட்டோம். உப்புப் போட்டது நீயா நானா என்று தெரியாமல் இரண்டு பேரும் போட்டு, மாமா வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்து போனது நினைவிருக்கிறதா? சண்டையும் போட்டிருக்கிறோம். உன் தங்கை கல்யாணச் சீர் விஷயத்தில் முகத்தை முகம் பார்க்காமல் சமைத்தோமே, அந்த நாட்களிலும் பலகை மட்டும் தவறாமல் என் காலடிக்கு வந்துவிடும். அதை வைத்துத்தான் உன் கோபம் எவ்வளவு என்று கணக்குப் போடுவேன். வேகமாக வந்து இடித்தால் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம்.

இப்போது நானே குனிந்து எடுத்து நானே போட்டுக்கொள்கிறேன். கனிமொழிக்கு அது தெரியாது, சொல்லிக் கொடுக்கவும் எனக்கு மனசில்லை.

அதனால் சிவக்குமாரிடம், மேடையை இரண்டு உயரமாகப் போடு, என் பக்கம் தணிவாக, அந்தப் பக்கம் உயரமாக என்றேன். அவன், "போடலாங்க, இப்ப நெறய பேரு அப்பிடித்தான் கேக்கறாங்க" என்றான். இளம்பரிதிதான் புரியாமல், "ஒசரமா இருக்கறது யாருக்கும்மா? கனிமொழிகூட உன் ஒசரந்தான்" என்றான். உன் சித்திக்கு என்றேன். "சித்திதான் பெங்களூர்ல இருக்காங்களே" என்றான். கேட்டதில் தப்பில்லை. கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். மணிமேகலை, நான் அழுதேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்?

அப்போதுதான் உன் மாமா வாயைத் திறந்தார். "அந்தப் பொண்ணு போனதுல இருந்து இந்த வூட்ல களி கெண்டல. உங்கம்மா சொல்றாப்பல போடுங்கடா" என்றார். அது நிஜம். ஒரு ஆள் களி கிண்டினால் பானை சுற்றிக்கொண்டு போகிறது. நீ கவட்டைக் கோலால் பானையை அழுத்திப் பிடிக்க நான் துடுப்புப் போட்டால்தான் கட்டி விழாமல் வருகிறது. கனிமொழி பிடிக்கிறேன் என்றாள். பிள்ளைக்குக் கை சுட்டுவிடும் என்று நானே விட்டுவிட்டேன். கண்ணாடி அடுப்பில் களி கிண்டவே கூடாது என்று சிவக்குமார் சொல்லிவிட்டான். அதனால் படத்தில் அவன் பூத்தொட்டி வைத்திருந்த மூலையைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். பானையை இறக்கி வைத்துக் கிண்டத் தரையில் இடம் வேண்டாமா?

உன் உயரம் எவ்வளவு என்று சிவக்குமார் கேட்டான். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் அடிக் கணக்கில் எனக்குத் தெரியவில்லை. அவனைக் கூட்டிப் போய் அடுப்புக்கு எதிர்ச்சுவரைக் காட்டினேன். பால் பொங்கக் காத்திருக்கும்போது நாம் இரண்டு பேரும் தலை சாய்த்து நிற்கிற இடம். தலை எண்ணெய் ஏறி இரண்டு கறை இருக்குமே, ஒன்று கீழே, ஒன்று மேலே. நீ போன பிறகு இரண்டு பொங்கலுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. என்னுடையது ஒவ்வொரு தடவையும் திரும்ப வந்துவிடுகிறது. உன்னுடையது தெரியவில்லை. சிவக்குமார் செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இருக்குதுங்க, மங்கலா இருக்குது" என்றான். ஆனால் கறையை வைத்துக் கல் வெட்ட முடியாதாம், ஆள் வந்து நிற்க வேண்டுமாம். முழங்கை மடங்குகிற இடத்தைப் பார்த்துத்தான் மேடையின் உயரத்தை வைப்பார்களாம். பொங்கல் கழிந்ததும் அந்தச் சுவரும் போய்விடும்.

போன தடவை நீ சொன்னது என் மனசிலேயே கிடக்கிறது. அங்கே சமையலுக்கு ஆள் வருகிறதாம், உன்னை அடுப்பே பற்ற வைக்க விடுவதில்லையாம், தரை சில்லென்று இருப்பதால் வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறாயாம். நவநீதன் உன்னை ராணி மாதிரி வைத்திருக்கிறான், அவன் நன்றாக இருக்கட்டும். ஆனால் இங்கே வரச் சொன்னபோது, "அவரே போயிட்டாரு, அந்த வூட்ல எனக்கு இனி என்னக்கா இருக்குது" என்றாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சென்னப்பன் கை பிடித்துத்தான் நீ இந்த வீட்டுக்குள் வந்தாய், இல்லை என்று சொல்லவில்லை. அவர் போனது உனக்கு எவ்வளவோ, எனக்கும் கொழுந்தன் இல்லை, பிள்ளை போன மாதிரி. ஆனால் சமையல்கட்டில் உனக்கு இடம் கொடுத்தது அவரா? அவருக்கு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அந்த இடத்தை நாம் இரண்டு பேரும் நின்று நின்று சம்பாதித்தோம். நீ போகும்போது துடைத்து ஆணியில் மாட்டின கவட்டைக் கோல் அப்படியே தொங்குகிறது. புது அலமாரியில் அதற்கு இடம் இல்லை என்றார்கள். இடம் வைத்த பிறகுதான் மற்றது என்று சொல்லிவிட்டேன்.

பொங்கல் கழிந்து வருகிற முதல் புதன்கிழமை கல் வெட்டுகிறார்கள். வெட்டின கல்லை ஒட்ட முடியாது. நீ வரவே போவதில்லை என்றால் சொல்லிவிடு, மேடையை முழுக்க என் உயரத்துக்கே போடச் சொல்கிறேன், அவர்களுக்கும் வேலை சுலபம். வருவதாக இருந்தால் பொங்கலுக்கு முன்பே வந்துவிடு. இடிப்பதற்குள் அந்தச் சுவரில் ஒரு தடவை சாய்ந்து நிற்கலாம்.

மாவை அங்கே பிசைந்து அடை தட்டிச் சாப்பிடு, களிக்கு வேண்டாம். மாரியம்மன் உன்னை நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும், நவநீதன் குடும்பம் தழைக்கட்டும்.

வந்ததும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வா. வெறுங்காலோடு நின்றால்தான் உன் சரியான உயரம் கிடைக்குமாம்.

உன் வரவை எதிர்பார்த்து,
அக்கா குள்ளம்மாள்