ஏழாம் அறைக்கு எதிரே நின்ற செல்வி

செப். 2, செவ்வாய்

காலையில் தூறல். மழையால் மூன்று நாள் அடைத்திருந்த பட்டாசுக் கம்பெனி இன்று திறந்தது. பேக்கிங் கூடம் முழுக்கப் பசை வாடை.

செய்ய வேண்டியவை:
– லேபிள் கட்டு வாங்க
– செல்விக்குச் சுவரோரம் இடம். டேப் கிழிக்கிறவர்கள் மறு கோடிக்கு.
– சங்கு ஊதும் முன் அவளிடம் சொல்ல
– பச்சை அட்டை

செல்விக்கு இருபத்தொன்பது வயது. ஆட்டிசம் என்று மதுரை டாக்டர் எழுதிய தாள் ஃபைலில் இருக்கிறது. அக்காள் மாரியோடு ஒரே வேனில் வருகிறாள். மாரி சொன்னது: "திடீர்னு தொட்டுராதீக அக்கா. சத்தம் கூடுனா அவளுக்கு மேலெல்லாம் எரியும்."

தாங்க முடியாவிட்டால் பச்சை அட்டையைத் தூக்கு, என்னவென்று நான் கேட்பேன் என்று செல்விக்கு வாக்குக் கொடுத்தேன். சூப்பர்வைசர் வேலையில் இதுவும் ஒன்று என்றுதான் நினைத்தேன்.

செப். 3, புதன்

மழை இல்லை. புழுக்கம். தலைவலி மாத்திரை ஒன்று.

செல்வி ஒட்டிய லேபிளில் ஒன்றுகூடக் கோணல் இல்லை. சிரித்தாள். என்னைப் பார்த்து அல்ல, லேபிளைப் பார்த்து.

மூன்று மணிக்கு வேலியோரம் தனியாகப் பத்து நிமிடம் நடந்துவர அவளுக்கு அனுமதி உண்டு. இன்று திரும்பவில்லை. தேடிப் போனேன். ஏழாம் நம்பர் அறைக்கு எதிரே நின்றிருந்தாள். பட்டாசு மருந்து கலக்கும் அறை, பூட்டியே கிடக்கிறது. சின்னச் சத்தத்துக்கும் காதைப் பொத்துகிறவள், கழுத்தைச் சாய்த்து உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பேசுது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கை மயிர் சிலிர்த்தது.

கூடத்தில் டேப் கிழிக்கிற பேச்சி: "அந்த ரூம்லதான முன்னால ஒருத்தி வெந்து செத்தா. அவதான் கூப்பிடுதா." அதற்குப் பிறகு செல்வி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

செப். 4, வியாழன்

எழுத்து கோணுகிறது. எழுதிவிட வேண்டும்.

வேலை தொடங்கும் முன்பே செல்வி வேலியோரம் போய் வந்திருக்கிறாள். வந்ததும் அட்டையைத் தூக்கினாள். "மூத்திர வாடை. பேசுது. எல்லாரும் போகணும்." மூன்று முறை. ஒரே குரல்.

போர்மேன் அண்ணாச்சியிடம் ஓடினேன். "அது காலி ரூமும்மா. இவ எல்லாரையும் பயங்காட்டுதா. வீட்டுக்கு அனுப்பிவிடு."

திரும்பி வந்தால், அட்டை இன்னும் இறங்கவில்லை.

செல்வியையும் கூடத்தில் மற்ற பதினொரு பேரையும் கேட்டுக்கு வெளியே கூட்டிப் போனேன். எங்களைப் பார்த்து மற்ற கூடங்களும் காலியாகிவிட்டன. அரை மணி நேரம் வெயிலில். ஒன்றும் இல்லை. யாரோ சிரித்தார்கள். என் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

அண்ணாச்சி, திறந்தே காட்டுகிறேன் என்று சாவியைத் தூக்கிக் காட்டிவிட்டு ஏழாம் நம்பருக்கு நடந்தார். கதவில் உள்ளங்கை வைத்தார். பட்டென்று எடுத்தார். மறு நிமிடம் செருப்பு தெறிக்க ஓடிவந்தார்.

"சுடுது... கதவு சுடுது!"

பாதி தூரம் வந்திருப்பார். கூரை எழும்பியது.

செல்வி அப்போதுதான் காதைப் பொத்தினாள்.

ஒரு உயிரும் போகவில்லை. அண்ணாச்சிக்கு முதுகில் காயம். ஒரு காது கேட்கவில்லை.

செப். 6, சனி

அதிகாரிகள் வந்து போனார்கள். அடைப்புக்கு முன் யாரோ மிச்ச மருந்தை வாளியிலேயே விட்டிருக்கிறார்கள். கூரை ஒழுக்கில் நனைந்து, உள்ளுக்குள்ளே சூடேறி, சீறிக்கொண்டே இருந்திருக்கிறது. மூத்திர வாடையும் அதனால்தானாம்.

காரணம் தெரிந்த பிறகுதான் பயம் கூடுகிறது. இரண்டு நாளாக அதை ஒட்டி எத்தனை முறை நடந்தோம்.

மாரி போனில்: "தூங்கவே மாட்டேங்கா அக்கா. சுவத்தப் பாத்தே உக்காந்திருக்கா."

செப். 22, திங்கள்

வெயில். முதலாளியின் வேறொரு கம்பெனியில் எங்களுக்கு இன்று முதல் வேலை. புதுக் கூடம். சுண்ணாம்பு வாடை.

ஒதுங்கி உட்கார்ந்தவர்களுக்குள்ளேயே இன்று செல்வி பக்கத்து இடத்துக்குச் சண்டை. ஆனால் ஒருத்தியும் உட்காரவில்லை. அவள் உட்காரட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் வாசலிலேயே நின்றாள். பதினொரு ஜோடிக் கண்ணும் அவள் முகத்தில்.

"ஏ செல்வி, ஏதும் கேக்குதா? சொல்லு தாயி" என்றாள் பேச்சி. சாமியிடம் கேட்கிற குரல்.

செல்வி அட்டையைத் தூக்கினாள். எல்லோரும் செருப்பைத் தேடினார்கள். கிட்டே போய், தொடாமல் கேட்டேன்: "என்னம்மா?"

"எல்லாரும் என்னயே பாக்காக."

அவ்வளவுதான். எல்லாரையும் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். நானும் திரும்பினேன். பின்னால் வெகு நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, அவள் இடத்துப் பாய் சரசரத்தது.