பட்டம் வாங்கிய ஆண்டு

அன்புள்ளவளே,

உன் அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே டோலிடோவில் உதிர்ந்த இலைகளையெல்லாம் கூட்டிவிட்டேன். காரையும் கழுவிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் டெலேனி கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும்போது, "அப்பா, நீங்க டிகிரி முடிச்சது எந்த வருஷம்?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் தப்பிக்க எத்தனை நேரம்தான் இலை கூட்டுவது?

"முடிக்கலம்மா. முதல் வருஷத்தோட ஓடி வந்துட்டேன்."

அழுவாள் என்று பார்த்தால் துள்ளுகிறாள். "ஐயோ அப்பா! வீட்டுலயே முதல் ஆளா காலேஜ் முடிக்கப்போறவங்களுக்குத் தனிச் சலுகையே இருக்கு. கெடுக்கப் பார்த்தீங்களே!"

என்னைப் பட்டதாரி என்றே நம்பியிருக்கும் உன்னிடம் இதை எப்படிச் சொல்வது என்று விழித்தேன். நீ புறப்படுமுன் அவளுக்கு எழுதிக்கொடுத்த குறிப்பை நீட்டினாள்.

'அம்மா படிப்பு: பள்ளிக்கூடம். அப்பா படிப்பு: அவரையே கேள், திட்டாதே.'

எத்தனை வருடமாகத் தெரியும், கள்ளி?

இப்படிக்கு,
உன் முதலாமாண்டு மாணவன்