அந்த வரியை எடுத்தது நான்

திங்கட்கிழமை காலை, ஈஜிபுராவில் நான் ஏறிய பஸ்ஸில், பக்கத்து சீட்டில் ஓர் அம்மா தன் போனில் ஏதோ ஆஸ்பத்திரியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தார். எழுத்தெல்லாம் எறும்பு அளவு. இரண்டு விரல்களால் விரிப்பார்; ஒரு மூலை பெரிதாகும், மற்றதெல்லாம் திரைக்கு வெளியே ஓடிப்போகும். இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "டாக்டரு எத்தன மணிக்கு வருவாருன்னு எங்க போட்டிருக்கான், பாரும்மா" என்று என்னிடம் நீட்டினார். போனைக் கையில் வாங்கியதும் எனக்கு முகம் சுட்டது. கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்தின் நிரலில் எந்த ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்தது. உனக்கும் தெரிந்திருக்கும்.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. நீ இருந்தபோதே உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாதவள் இப்போது உட்கார்ந்து மடல் எழுதுகிறேன். நீ இருந்திருந்தால், "சீக்கிரமே வந்துட்டியே" என்று கேட்டிருப்பாய். கேள்.

அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் நம் ஆபீஸ். கீழே இரும்பைக் கடையும் சத்தத்தில் நாம் போனில் பேசுவதே கஷ்டம். நான் அப்போது கிருஷ்ணகிரியிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள். நீ இதே ஊரில், ஒக்கலிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஆட்டோக்காரரிடம் கன்னடம், பட்டறைக்காரரிடம் உருது, என்னிடம் தமிழ் என்று ஒரே மூச்சில் மூன்று பேரிடம் சண்டை போட உனக்கு வரும். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே மேஜை. நான் வலைப்பக்கங்களைக் கட்டுவேன், நீ அவற்றைச் சோதிப்பாய். நான் நிரந்தர ஊழியர். நீ கான்ட்ராக்ட். அந்த வித்தியாசத்தை நீ ஒருநாளும் பெரிதுபடுத்தியதில்லை. நான் மனசுக்குள் பெரிதுபடுத்தியிருக்கிறேன்.

என் வேலை எனக்கு நன்றாகவே வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததற்கு அந்தத் திமிரும் ஒரு காரணம். ஒரு வலைப்பக்கத்தின் அகலத்தை, செய்தித்தாளில் இருப்பதுபோல, பன்னிரண்டு பத்திகளாகப் பிரித்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் திரையில் செய்திக்கு எட்டுப் பத்தி, ஓரத்துப் பெட்டிக்கு நாலு பத்தி என்று பங்கு போட்டு, போன் என்று வந்துவிட்டால் ஆளுக்குப் பன்னிரண்டையும் கொடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்கிவிடுவோம். எதற்கு எத்தனை, எந்த அகலத்தில் உடைய வேண்டும், உடைந்தால் எது முதலில் வர வேண்டும், இதெல்லாம் எனக்கு விரல்நுனியில் இருந்தது. கட்டி முடித்ததும் பிரவுசர் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளுவேன். ஜன்னல் சுருங்கச் சுருங்கப் பத்திகள் சமர்த்தாக இறங்கி வரிசையில் நிற்கும். "பாத்தியா?" என்று உன் பக்கம் திரும்புவேன்.

நீ அதற்கு மயங்க மாட்டாய். "ஜன்னல சின்னது பண்ணிட்டா அது போன் ஆயிடுமா டீ?" என்பாய்.

உன்னிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் உன் வீட்டில் எல்லோரும் கழித்துக்கட்டிய ஐந்து போன்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பழைய சொந்தக்காரரின் பெயரை ஒட்டி வைத்திருந்தாய்: மம்மி, டாடி, தம்பி, சித்தி, பெரிய சித்தி. எந்தப் பக்கமானாலும் ஐந்திலும் திறந்து பார்க்காமல் நீ விடுவதில்லை. உன் ரிப்போர்ட்டும் அந்தப் பெயர்களில்தான் வரும். "தம்பி பாஸ். டாடி பாஸ். மம்மிக்கு பட்டன் கெடைக்கல." உன் குடும்பமே நம் ஆபீஸில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறது என்று எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்தேன். ஆனால் மம்மிக்கு ஏதாவது கிடைக்கவில்லை என்றால், என் வேலையில் குறை கண்டுபிடித்துவிட்டாளே என்று உள்ளுக்குள் எரிச்சல்தான் வந்தது.

அந்த டயாலிசிஸ் சென்டரின் பக்கம் உனக்கு நினைவிருக்கும். நோயாளிகள் போனிலேயே நேரம் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் கட்டினேன். செவ்வாய்க்கிழமை நீ ஐந்து போன்களிலும் பார்த்து, "ஆய்த்து. மொத்த குடும்பமும் பாஸ்" என்று டின்னை மூடினாய். வியாழக்கிழமை அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

புதன்கிழமை நான் சும்மா இருந்திருக்கலாம். எல்லாப் பக்கங்களின் தலைப்பகுதியையும் ஒரே கோப்பில் கொண்டுவந்தால் அழகாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. யாரும் கேட்கவில்லை. அப்படி மாற்றும்போது, போனைப் பார்த்து "உன் சொந்த அகலத்தையே எடுத்துக்கொள்" என்று சொல்லும் அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால் போன் தன்னைக் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டு முழுப் பக்கத்தையும் சுருக்கிக் காட்டும். பன்னிரண்டு பத்தி கணக்கெல்லாம் வீண். கம்ப்யூட்டரில் மட்டும் எந்த வித்தியாசமும் தெரியாது. நான் வழக்கம்போல ஜன்னலைச் சுருக்கினேன், பத்திகள் சமர்த்தாக இறங்கின. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி டின்னைத் திறப்பாய், ஒரு மணி நேரம் போகும் என்று நினைத்தேன்.

மறுநாள் அந்த சென்டரின் மேனேஜர் அம்மா நம் புரொஜெக்டரைக் கண்டுகொள்ளவே இல்லை. கைப்பையிலிருந்து தன் போனை எடுத்துத் திறந்தார். கண்ணாடியை மாட்டினார், கழற்றினார். "இத எங்க பேஷன்ட்ஸ் எப்படிம்மா படிப்பாங்க?" என்றார். கோபமாகக்கூட இல்லை.

நம் குழுவுக்குத் தலைவரான லீட், மேஜையைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். "போன்ல டெஸ்டிங் யாரு பாத்தது?"

"நான்தான் சார். செவ்வாக்கிழம பாத்தேன். அப்ப சரியா இருந்துச்சு" என்றாய்.

"அப்பறம் அதுவா கெட்டுப்போச்சா?"

நீ என்னைப் பார்த்தாய். குற்றம் சாட்டும் பார்வை இல்லை அது. நடுவில் ஏதாவது மாறியதா என்று கேட்கும் பார்வை, அவ்வளவுதான். எனக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது, எந்த வரி என்றுகூட. வாயைத் திறந்திருந்தால் பத்து வினாடி வேலை. அந்த மாதம் என்னை சீனியர் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. உன் கான்ட்ராக்ட் அந்த மாதக் கடைசியில் முடிகிறது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்துதான் நான் குனிந்து லேப்டாப்பைப் பார்த்தேன். பயத்தில் வாயடைத்துப்போனேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நான் யோசித்துப் பார்த்துத்தான் பேசாமல் இருந்தேன்.

மத்தியானத்துக்குள் வரியைத் திரும்பப் போட்டேன். நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டுமே, அதில் "சிறு திருத்தங்கள்" என்று எழுதினேன். "ஒரு நிமிஷத்துல புடிச்சிட்டியே" என்று லீட் என்னைப் பாராட்டினார். நீ அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தாய்.

உன் கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. கடைசி நாள் நீ டின்னைப் பைக்குள் வைத்துக்கொண்டு என் பக்கம் நாற்காலியைத் திருப்பினாய். உன் திரை திறந்தே இருந்தது. அதில் அந்தக் கோப்பின் மாற்ற வரலாறு: புதன்கிழமை, என் பெயர், சிவப்பில் அடிபட்ட அந்த ஒரு வரி. நான் பார்க்கட்டும் என்றே விட்டிருந்தாய். "எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா டீ?" என்று மெதுவாகக் கேட்டாய்.

"இல்லையே, என்ன?" என்றேன்.

"சரி. நேரத்துக்கு சாப்டு, ஒடம்ப பாத்துக்கோ" என்று எழுந்து போனாய். லீடிடம் போய் அந்தத் திரையைக் காட்ட உனக்கு எல்லா உரிமையும் இருந்தது. காட்டவில்லை. அதை நான் உன் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்து மாதம் நீ வீட்டில் இருந்தாய். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தின் ஆபீஸில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். புது வருஷத்துக்கு வாழ்த்து அனுப்புவாய். நான் ஒரு கைகூப்பும் படத்தைத் திருப்பி அனுப்புவேன். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் டெங்கு வந்து நாலு நாளில் நீ போய்விட்டாய்.

சர்ச்சில் உன் மம்மி என் கையைப் பிடித்துக்கொண்டார். உன்னை வைத்திருந்த பெட்டி நாலடி தள்ளி இருந்தது. "நீதானே அவகூட ஒரே டேபிள்ல இருந்தது? வேலைல பெரிய தப்பு பண்ணிட்டேன் மம்மி, அதான் அனுப்பிட்டாங்கன்னு சொன்னா. எம் பொண்ணு அவ்ளோ அஜாக்கிரதையா?" என்று கேட்டார்.

தப்பை உன்னுடையது என்றே வீட்டில் சொல்லியிருக்கிறாய். ஏன் டீ? என் பெயரைச் சொன்னால் நான் அந்த வீட்டுப்பக்கம் வர முடியாது என்றா? எனக்குப் பதில் தெரியாது. தெரிந்ததெல்லாம் நான் அன்றைக்குச் சொன்னது மட்டும். "இல்ல ஆண்டி, அவ ரொம்ப நல்லா வேலை செய்வா" என்றேன். சாவு வீட்டில் யாரும் யாரைப் பற்றியும் சொல்லும் வார்த்தை. அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு தலையாட்டினார். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மறுபடியும் உன்னை விட்டுக்கொடுத்தேன்.

பஸ்ஸில் அந்த அம்மாவுக்கு டாக்டரின் நேரத்தைத் தேடிச் சொன்னேன். "நல்லா இரும்மா" என்று வாழ்த்திவிட்டு இறங்கினார். அந்த வாழ்த்தை என்னால் தாங்க முடியவில்லை. செவ்வாயும் புதனும் தள்ளிப்போட்டேன். வியாழக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஒக்கலிபுரம் போனேன்.

உன் மம்மி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். பத்தி, கோப்பு, குறிப்பு எதையும் விளக்கவில்லை. "அந்தப் பக்கம் கெட்டுப்போனது என்னாலதான் ஆண்டி. அவ சரின்னு பாத்து வச்சத நான் மறுநாள் மாத்திட்டேன். கேட்டப்ப சொல்லல. அவளுக்கு அது தெரியும். அந்த வரிய எடுத்தது நான்."

கத்தி நின்றது. "அப்ப அவ ஒழுங்காதான் பாத்தாளா?"

"பாத்தா ஆண்டி. அவமேல ஒரு தப்பும் இல்ல."

அவர் என்னைத் திட்டவில்லை. காபி வேணுமா என்றும் கேட்கவில்லை. மன்னிப்பு கேட்கலாம் என்று நான் வாயெடுத்தபோது, கையைக் காட்டி நிறுத்தினார். மாடியிலிருந்த உன் தம்பியைக் கூப்பிட்டார். "இவன்கிட்டயும் சொல்லு" என்றார். சொன்னேன். கடைசி வார்த்தைவரை கேட்டுவிட்டு, அவன் திரும்ப மாடிக்குப் போய்விட்டான். நான் செருப்பை மாட்டும்போது மம்மி வாசல்வரை வந்தார்.

"அவ சித்தி ரெண்டு பேரும் இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க, ஏன் அனுப்பிட்டாங்க, அவ என்ன பண்ணான்னு. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு எல்லாரும் வருவாங்க. அன்னிக்கும் வந்து சொல்லு."

இன்று சனிக்கிழமை. ஆபீஸில் "சிறு திருத்தங்கள்" என்று இரண்டு வார்த்தையில் மறைத்ததை நாளை உன் வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும். உனக்கு ஒரு பலனும் இல்லாத நேரத்தில்தான் எனக்கு வாய் திறக்கிறது. அந்த வெட்கம் என்னோடுதான் இருக்கும், இருக்கட்டும். அதற்கடுத்த ஞாயிறும் வா என்று மம்மி சொன்னால், அப்போதும் போவேன்.