ஐந்தாம் பாடத்தில் நான் ஃபெயில்

நவம்பர் 8, சனி

பெட்டி வந்துவிட்டது. வீட்டிலிருந்தபடியே இயற்கைப் பிரசவம், எட்டுப் பாடங்கள். தடிப் புத்தகம் ஒன்று, கேட்பதற்கு ஒலிப்பதிவுகள், லாவெண்டர் எண்ணெய் ஒரு குப்பி. வெஸ் பெட்டியைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "குழந்தை எங்க? தனியா அனுப்புவாங்களா?" என்றான். இந்தப் புருஷனை நம்பித்தான் நான் பெறப் போகிறேன்.

இயற்கைப் பிரசவம் என் கொள்கை கிடையாது. பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே அழுகிறவள் நான். இருக்கிற ஊசியையெல்லாம் போடுங்கள் என்று கேட்டு வாங்குகிற ரகம். ஆனால் பதினாலு வயதில் என் கோணல் முதுகை நிமிர்த்த உள்ளே வைத்த கம்பிகள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. மயக்க மருந்து டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். முதுகில் ஊசி போட வழியே இல்லையாம். ஆபரேஷன் என்று ஆகிவிட்டால் முழு மயக்கம், வெஸ் வெளியே. அதாவது என் குழந்தை உலகத்துக்கு வரும்போது, நான் தூங்கிக்கொண்டிருப்பேன், அவன் வராந்தாவில் காபி மெஷினைத் தட்டிக்கொண்டிருப்பான். அது மட்டும் நடக்கக் கூடாது. நான் முழித்திருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள். வகுப்புக்குப் போவதென்றால் நகரம் வரை போக வேண்டும். அதனால்தான் பெட்டி.

நவம்பர் 12, புதன்

முதல் பாடம். நடத்துகிறவர் பெயர் டாலியா. பாகு மாதிரி குரல். "உங்கள் பாதங்களுக்கு அடியில் வெதுவெதுப்பான மணலை உணருங்கள்..."

ரோட்டில் பனி தள்ளி, வழுக்காமலிருக்க மணல் போடுகிற வேலை வெஸ்ஸுக்கு. இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "மணலா? காலைல நான் ரோட்டுல கொட்டிட்டு வந்தேனே, அதுவா?"

வலி என்று சொல்லவே கூடாதாம். அலை என்று சொல்ல வேண்டுமாம்.

"இந்தம்மா நவம்பர்ல நம்ம ஏரிய வந்து பாத்ததில்ல. கப்பலையே முழுங்கிட்டு ஏப்பம் விடும். அந்த அலையா?"

வாயை மூடிக்கொண்டு மணலை உணரச் சொன்னேன். உணர்ந்தான். குறட்டை வந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

வீட்டில் சூடான இடம், வியர்க்க வியர்க்க உட்காருகிற அந்த மரப்பலகை அறை, சவுனா மட்டும்தான். டாக்டர் மிதமான சூட்டில் கீழ்ப்பலகையில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றார். அங்கேயே பாடம் வைத்துக்கொண்டோம். வெஸ் மறுபடியும் தூங்கிவிட்டான். பிரசவத்துக்கு அவன் முழுத் தயார்.

நவம்பர் 27, வியாழன்

எதிரே, மாமியார் மார்லீன் வீட்டில் நன்றி நாள் விருந்து. வான்கோழி, கிழங்கு, யாரும் தொடாத அந்தப் பச்சை ஜெல்லி. ஜன்னல் ஓர நாற்காலியில் வழக்கம்போல் யாரும் உட்காரவில்லை. மூன்று வருடம் முன்பு மாமனார் ஆர்னி அதில்தான் உட்கார்ந்தார். "நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்றாராம். எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி மார்லீன் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சாவுக்கு வந்தவர்கள் எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கெல்லாம் "பரவாயில்ல" என்றார். அடுத்த வாரமே சர்ச்சில் பாஸ்டிக்கு, கறியும் கிழங்கும் வைத்து மடிக்கிற அந்தப் பெரிய சோமாசிக்கு, மாவு பிசையப் போய்விட்டார்.

என் பெட்டியைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "புள்ள பெக்க புஸ்தகமா? நல்லதும்மா. அடுத்து தும்மறதுக்கு ஒண்ணு வாங்கிக்க."

டிசம்பர் 6, சனி

பனிக்கட்டிப் பாடம். உள்ளங்கையில் ஒரு கட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சைக் கவனிக்க வேண்டும். முதல்முறை பலர் உடனே கையை உதறிவிடுவார்கள், மனம் தளராதீர்கள் என்று போட்டிருக்கிறது.

இரண்டு பேரும் பிடித்தோம். கட்டி முழுக்கக் கரைந்து தரையில் ஒழுகியது. வெஸ் இன்னொன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அப்புறம்?" என்றான். ஏரி உறைந்ததும் துளை போட்டு, வெறுங்கையால் மீன் எடுக்கிறவன்.

டாலியா வெயில் ஊர்க்காரர். சந்தேகமே இல்லை.

பாடத்தில் பாஸ். ஆனால் உள்ளே உதறல் போகவில்லை. குளிர் எனக்குப் பழகினது. இது தைரியமில்லை, வெறும் பழக்கம். அந்த நாளன்று வரப்போவது பழகினதாக இருக்காதே?

டிசம்பர் 18, வியாழன்

நாலாம் பாடம்: சத்தம். கீச்சுக் குரலில் கத்தினால் உடம்பு இறுகுமாம், பசு மாதிரி அடிவயிற்றிலிருந்து ஒலித்தால் தளருமாம். வீட்டில் செய்தால் நாய் ஊளையிடுகிறது. அதனால் கடை வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீள "ம்ம்ம்மோ".

கண்ணாடியில் தட்டும் சத்தம். பாஸ்டர் டேல்.

"வண்டி ஸ்டார்ட் ஆகலையாம்மா?"

"ஆகுது பாஸ்டர். பரவாயில்ல."

"சத்தம் கேட்டுச்சு. இன்ஜின் பெல்ட் தேஞ்சிருக்கும். வெஸ்கிட்டச் சொல்லிப் பாக்கச் சொல்லு."

ஜனவரி 4, ஞாயிறு

பாஸ்டர் வெஸ்ஸிடமே சொல்லிவிட்டார். வெஸ் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டான். காலையிலிருந்து என்னை "பெல்ட்டு" என்று கூப்பிடுகிறான்.

ஜனவரி 10, சனி

ஐந்தாம் பாடம். புத்தகத்திலேயே சின்னப் பாடம் இதுதான், எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். துணைவரின் தோளை அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் என்ன உணர்கிறார் என்பதை உள்ளபடி, குறைக்காமல், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான் அவன் தோளில் கட்டை விரலை முழுப் பலத்தோடு இறக்கினேன்.

"என்ன தோணுது?"

"அழுத்தற."

"அப்புறம்?"

"உனக்கு நகம் வெட்டணும்."

"வலிக்குதா வெஸ்?"

"பரவாயில்ல."

கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாயில் பரவாயில்லை. அடுத்து என் முறை. அவன் அழுத்தினான். கம்பிக்கு மேல், எப்போதும் நோகிற இடம். சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே வந்தது: "மோசமில்ல."

இதில் இவ்வளவெல்லாம் எழுதுகிறேனே, வாயைத் திறந்தால் மட்டும் ஏன் வருவதில்லை? இந்த ஊர்ப் பிறவிகளுக்குத் தொண்டையில் ஒரு வால்வு இருக்கிறது போல. புலம்பலெல்லாம் உள்ளே போகும், வெளியே வராது. போன வருடம் பக்கத்துத் தெரு கென் ரம்பத்தில் விரலை அறுத்துக்கொண்டு, "ஒரு பிளாஸ்திரி இருந்தா நல்லாயிருக்கும்" என்று வந்து நின்றான்.

ஐந்தாம் பாடத்தில் நாங்கள் இருவரும் ஃபெயில். ஆறுக்குப் போய்விட்டோம்.

ஜனவரி 25, ஞாயிறு

எட்டும் முடிந்தது. பை கட்டியாயிற்று. லாவெண்டர் குப்பியை நாய் கடித்துவிட்டது. நாயிடம் மட்டும் ஏதோ பூந்தோட்ட வாசனை.

பயமாக இருக்கிறது. வெஸ்ஸிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை. இடுப்பில் பிடித்துப் பிடித்து விடுகிறது. ஏரிப்பக்கமிருந்து பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. வெஸ் பனி தள்ளும் வண்டியோடு இருட்டிலேயே போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஒரு நர்ஸ் எடுத்தாள்.

"வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லைங்க. கொஞ்சம் பிடிக்குது."

"அப்ப வீட்லயே ரெஸ்ட் எடுங்க. ரோடு வேற மோசம். ரொம்ப ஆனா கூப்பிடுங்க."

நல்ல பெண். நான் சொன்னதை அப்படியே நம்புகிறாள். வெளியூர்க்காரியாக இருக்கும்.

அப்புறம். மணல் வேலை செய்யவில்லை. பசுவும் வரவில்லை, தனியாகக் கத்த வெட்கமாக இருக்கிறது. யார் இருக்கிறார்கள் வெட்கப்பட? நாய்தான். மறுபடி கூப்பிடலாமா? அந்தப் பெண்ணுக்கு எத்தனை வேலையோ. வெஸ்ஸைக் கூப்பிடலாமா? இந்தப் பனியில் அவன் நின்றால் ஊரே நிற்கும். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். இது அலை இல்லை. டாலியா பொய் சொல்லிவிட்டாள். இது அலை இல்

பிப்ரவரி 7, சனி

மேலே பாதியில் நிற்கிறது. சிரிப்பாக இருக்கிறது. நடந்ததை எழுதி வைக்கிறேன்.

பேனா கீழே விழுந்த அந்த நேரத்தில் மார்லீன் உள்ளே வந்தார், தட்டு நிறைய பாஸ்டியோடு. நான் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மரியாதையாகத்தான் சொன்னேன்:

"அத்தை, நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

தட்டு தரையில் கிடந்தது. நாய்க்கு அன்று திருவிழா.

"எப்பலேர்ந்து?"

"காலைலேர்ந்து. பரவாயில்ல அத்தை, அந்த நர்ஸ்..."

"வாய மூடு."

போனை எடுத்தார். வெஸ் வேலை செய்யும், பனி வண்டிகள் நிற்கிற கராஜுக்கு. "மார்லீன் பேசறேன். வெஸ் எங்க இருந்தாலும் திருப்பி விடு. எங்க வாசல்லேர்ந்து நகரம் வரைக்கும் எனக்கு ரோடு வேணும். இப்பவே." இந்த ஊரில் யாரிடமும் ஒரு கரண்டி சர்க்கரை கூடக் கடன் கேட்காத மனுஷி.

ஆம்புலன்ஸ் எங்கள் மேட்டில் ஏறாது. முன்னால் வெஸ் பனியைத் தள்ளிக்கொண்டு போக, பின்னாலேயே மார்லீனின் காரில் நாங்கள். எனக்கு ஒன்று வந்து போயிற்று. பல்லைக் கடித்தேன். "எப்படி இருக்கு?" என்றார்.

"பரவா..."

"கேரின். அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொன்ன, ரோட்டுல இறக்கி விட்டுருவேன்." ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆர்னியும் இதையேதான் சொன்னாரு. கொஞ்சம் உக்காந்துக்கறேன்னு. நான் நாற்காலியக் காலால தள்ளிக் குடுத்துட்டு பாத்திரம் கழுவப் போயிட்டேன். திரும்பிப் பாக்கல. சொல்லு. வலிக்குதா?"

"வலிக்குது அத்தை."

"எவ்ளோ?"

"செத்துருவேன் போல இருக்கு. பயமா இருக்கு. என்னால முடியாது, சத்தியமா முடியாது, என்ன மயக்கம் போட்டு வெட்டிருவாங்க, நான் பாக்கவே மாட்டேன்..." ஒரு வருடத்துக்கானதெல்லாம் கொட்டியது. வால்வு தெறித்துவிட்டது.

"ம். இப்ப சரி. அந்த மாட்டுச் சத்தம் என்னமோ படிச்சியே, அதப் போடு."

போட்டேன். அடுத்த தடவை அவரும் சேர்ந்துகொண்டார். சர்ச்சில் கீழ்க்குரலில் பாடுகிறவர், நல்ல கனம். அந்தக் காருக்குள் இரண்டு பசுக்கள், முன்னால் மஞ்சள் விளக்கு சுற்றச் சுற்ற வெஸ்.

எங்கள் மாவட்ட எல்லையில் அடுத்த மாவட்டத்துப் பனி வண்டி தயாராக நின்றது. கராஜ்காரர்கள் பேசி வைத்திருக்கிறார்கள். வெஸ் தன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடி வந்து பின்சீட்டில் ஏறினான். பாடமாகப் படித்ததெல்லாம் அவனுக்கு மறந்துவிட்டது. என் கையைப் பிடித்து, "அலை வருதா?" என்றான்.

"அலைன்னு சொன்ன, கொன்னுருவேன்."

"சரி. வலிக்குதா?"

"வலிக்குதுடா."

"எனக்கும் பயமா இருக்கு பெல்ட்டு," என்றான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் புலம்பல் அது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த நர்ஸ், "நீங்கதானே போன்ல கொஞ்சம் பிடிக்குதுன்னு சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே ஓடினாள். மயக்க மருந்து டாக்டர் படியேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊசி இல்லை, கத்தி இல்லை. நான் முழித்திருந்தேன். தலை முதலில், அப்புறம் ஒரு தோள், அப்புறம் வழுக்கிக்கொண்டு முழுசாக அவள். கோபமான முகம். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

எல்ஸி என்று பெயர். வெஸ் டாலியா என்று வைக்கலாம் என்றான், கூப்பிட்டால் தானாகத் தூங்கிவிடுமாம்.

மார்ச் 12, வியாழன்

எல்ஸியை முதல் தடவையாக சர்ச்சுக்குக் கூட்டிப் போனேன். கீழ்த்தளத்தில் பெண்கள் வரிசையாக நின்று பாஸ்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பெற்ற பெவ், ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்: "எப்படி இருந்துச்சு பிரசவம்?"

இதற்கு இங்கே ஒரே பதில்தான். எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள்.

"வலிச்சுது. ரொம்ப," என்றேன்.

கைகள் எல்லாம் நின்றன. பெவ் மாவுக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும்தான். மூணாவதுக்கு டாக்டரக் கடிச்சு வெச்சேன்," என்றாள். அவ்வளவுதான், அப்புறம் ஒருத்தியை ஒருத்தி முந்திக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்கள். என்னைக் கூட்டிப்போக வந்த வெஸ், கதவோரம் நின்று இரண்டு கதை கேட்டுவிட்டு, வண்டியைச் சூடு பண்ணுகிறேன் என்று நழுவிவிட்டான்.

வீட்டுக்கு மார்லீனும் வந்தார். சாப்பிட்டுவிட்டுப் பாத்திரங்களைத் தொட்டியில் போட்டேன், தண்ணீரைத் திறந்தேன். பின்னால் அவர் குரல்.

"கேரின். நான் கொஞ்சம்..." நிறுத்தினார். "கொஞ்சம் இல்ல. அவரு இல்லாம ரொம்பக் கஷ்டமா இருக்கு."

தண்ணீரை மூடினேன். ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டேன், இன்னொன்றை இழுத்து எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். எல்ஸி அழுது எழும் வரை அவர் பேசினார்.

பாத்திரம் இன்னும் அப்படியே கிடக்கிறது. நாளைக்குக் கழுவலாம்.