குளத்துக்கு எவ்வளவு மயில்துத்தம்

1936, ஏப்ரல் 20, திங்கள்

விடியும்போதே புழுக்கம். கடற்காற்று ஏழு மணிக்கே செத்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் வேர்வை.

புது வேலை. பிரெஞ்சு டாக்டர், எங்கள் தொக்தர், காலையில் கூப்பிட்டார். முதலியார்பேட்டைக்கு மேற்கே, இங்கே பெருக்கிக் கழுவும் நம் அஞ்சலையின் ஊரில், வீட்டுக்கு வீடு நரம்புச் சிலந்திப் புழு நோய். இந்த வருடம் பாதி ஆண்கள் வயலுக்குப் போகவில்லை. குடிக்கும் குளத்திலிருந்து வருகிறது. புழுவின் குஞ்சைத் தண்ணீர்ப்பூச்சி தின்கிறது, பூச்சியை மனிதன் தண்ணீரோடு குடிக்கிறான், வருடம் கழித்துக் காலில் கொப்புளம், கொப்புளத்திலிருந்து முழ நீளத்துக்கு வெள்ளை நூல் மாதிரிப் புழு. எரிச்சல் தாங்காமல் காலைக் குளத்தில் வைத்தால் அங்கேயே மறுபடி குஞ்சு. ஆக, பூச்சியைக் கொல்ல வேண்டும். மயில்துத்தம், அந்த நீல உப்பு, போட்டால் சாகும். எவ்வளவு போட்டால்? ஒரு பகல் ஒரு இரவுக்குள் சாகும் அளவைக் கண்டுபிடிக்க வேண்டியது என் வேலை.

"இந்த மாதத்துக்குள் முடித்துத் தருவதாக மேலிடத்தில் சொல்லிவிட்டேன்" என்றார் தொக்தர். என்னைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

அஞ்சலை குளத்திலிருந்து பித்தளைக் குடத்தில் பூச்சி கொண்டுவந்தாள். பூதக்கண்ணாடியில் காட்டினேன். நெற்றியில் ஒரே கண், சிவப்புப் புள்ளி. குதித்துக் குதித்து நீந்துகிறது.

"இத்துனூண்டு இருந்துகிட்டா எம் புருசன் காலத் தின்னுது?" கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். முருகேசன் பங்குனியிலிருந்து படுக்கை. புழுவைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியில் சுற்றி இழுக்கிறார்களாம். அறுந்தால் கால் போய்விடும்.

ஐந்து கண்ணாடிக் கிண்ணங்கள். அ முதல் ஈ வரை துத்தம், ஏறு வரிசையில். உ வெறும் தண்ணீர், ஒப்பிட. ஒவ்வொன்றிலும் பத்துப் பூச்சி. சொட்டுக் குழாயில் பிடிக்க மதியம் போயிற்று. கண் எரிச்சல்.

வீட்டில்: சைகோன் வரன் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருகிறார்களாம். அம்மா இன்றே பட்டுப்புடவையை வெயிலில் போட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

எல்லாம் செத்துவிட்டன. எல்லாம் என்றால், உ-வும்! வெறும் தண்ணீரில் எப்படிச் சாகும்? கிண்ணத்தைத் தட்டினேன், அசைவில்லை. ஏதோ ஒரு சாபம் என்று தோன்றியது. அப்புறம் முகர்ந்து பார்த்தேன். மல்லிகை வாசனை.

அஞ்சலை: "தொரை பாக்கப்போறாருன்னு கிண்ணத்த நல்லாத் தேச்சேன் சின்னம்மா. வாசனை சோப்பு. எங்க நாத்தனா கண்ணாலத்துக்கு வாங்கனது."

கோபப்பட முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வெந்நீரில் ஐந்து தடவை அலசி, மறுபடி முதலிலிருந்து.

மாலையில் கடற்கரை வரை போய்த் திரும்பினேன். திரும்பியதும் மறுபடி போக வேண்டும்போல் இருந்தது. அம்மா: "கால்ல சக்கரமாடி?"

வாங்க: எலுமிச்சை, மாவு சலிக்கச் சல்லடை, அப்பாவுக்குக் கால் எண்ணெய்.

ஏப்ரல் 22, புதன்

அழகு! உ-வில் பத்தும் துள்ளல். அ-வில் ஒன்பது உயிர். ஆ-வில் பாதி. இ-யில் ஒன்றும் இல்லை. ஈ சொல்லவே வேண்டாம். படிக்கட்டு மாதிரி இறங்குகிறது.

தொக்தர் கிண்ணத்தைக் கையிலேயே தூக்கிவிட்டார். "இ! இ தான் நம் அளவு. சனிக்கிழமை ஊருக்குப் போகிறோம். மொழிபெயர்க்க நீ வர வேண்டும்."

இதற்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர் சைகோனுக்கு வேலைக்குப் போனதால்தான் எனக்கு இடம் கிடைத்தது. தற்காலிகம். பெண் என்பதால் இன்னும் தற்காலிகம். இன்று முதல் தடவை தொக்தர் என் பெயரைச் சரியாக உச்சரித்தார். தெரேஸ்.

மிச்சமிருந்த ஈ கிண்ணத் தண்ணீரை, வீணாக வேண்டாம் என்று, குளத்துத் தண்ணீரும் மிச்சப் பூச்சிகளும் இருந்த குடத்தில் ஊற்றி மூடிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 23, வியாழன்

குடத்தைக் கழுவலாம் என்று மூடியைத் திறந்தேன். நீந்துகின்றன.

கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கூட்டம் கூட்டமாக. பலம் குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். குறைந்தும் இ-க்குக் குறையவில்லை. இ-யில் ஒன்றுகூடத் தப்பவில்லையே!

சோதனை செய்தது குழாய்த் தண்ணீரில். பூச்சி இருப்பதோ குளத்தில். மஞ்சள் தண்ணீர், அழுகின இலை, எருமைச் சேறு. துத்தத்தைச் சேறு தின்றுவிடுகிறதா? தெரியவில்லை.

தொக்தரிடம் சொன்னேன். நிமிரவில்லை. "தண்ணீர் தண்ணீர்தான்."

"குடத்தில் உயிரோடு இருக்கின்றன, முசியே."

"குடத்தை யார் அளந்தது? அது சோதனை அல்ல, சமையல்."

அது சரிதான். அதனால்தான் இன்னும் எரிச்சல். குளத்துத் தண்ணீரை வைத்து மறுபடி ஐந்து கிண்ணம், பலம் கூட்டி. பக்கத்தில் மூன்று பெரிய சாடியில் கூனி இறால், நத்தை, கெண்டைக் குஞ்சு. அவை என்ன ஆகும் என்றும் தெரிய வேண்டாமா?

அம்மா என் விரலைப் பார்த்து அலறினாள். நகக்கண்ணெல்லாம் நீலம். "ஞாயித்துக்கெழமக்குள்ள போவுமா இது?" புளி போட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. தார் உருகித் தெருவில் செருப்பு ஒட்டுகிறது.

குளத்துத் தண்ணீரில்: இ அளவில் பத்தில் எட்டு உயிரோடு. சந்தேகமே இல்லை இப்போது. பூச்சி முழுக்கச் சாக அதைப்போல் பல மடங்கு வேண்டியிருக்கிறது. அந்தப் பலத்தில் கூனி இறால் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. நத்தை கதவைச் சாத்திக்கொண்டது, செத்ததா தூங்குகிறதா தெரியவில்லை. கெண்டைக் குஞ்சு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, நான் பார்க்கப் பார்க்கவே.

ஆக:
குறைவாகப் போட்டால் பூச்சி இருக்கும், புழு இருக்கும்.
கூடப் போட்டால் மீன் போகும், சில நாள் தண்ணீரும் குடிக்க முடியாது.
போடாவிட்டால் முருகேசன்.

தொக்தர் இந்த முறை நிமிர்ந்தார். கிண்ணங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சரி, கூடுதல் அளவே போடுவோம். ஆனால் மீனைப் பற்றி ஊரில் பேச வேண்டாம். பேசினால் விடமாட்டார்கள். நாளைக்கு மூட்டைகளோடு போகிறோம்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

அஞ்சலை போகும்போது கேட்டாள்: "நாளைக்கி எங்க ஊருக்கு வர்றீங்களாமே. மீன் கொழம்பு வெச்சி வெக்கட்டா?"

ஏப்ரல் 25, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

தொக்தரும் நானும் ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டியில், பின்னால் மாட்டு வண்டியில் மூட்டைகள். குளம் பாதி வற்றிக் கிடக்கிறது. கரையில் ஊரே கூடியிருந்தது. முருகேசனைக் கட்டிலோடு தூக்கி வந்து வேப்பமரத்தடியில் வைத்திருந்தார்கள். கணுக்காலில் துணி, துணிக்குள் குச்சி. இளைஞன். இவ்வளவு இளைஞன் என்று நான் நினைக்கவில்லை.

தொக்தர் பிரெஞ்சில் சொன்னார்: "இது மருந்து, ஆபத்தில்லை, மீனுக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அஞ்சலையும்.

"தொரை மருந்துன்னு சொல்றாரு. மருந்துதான். புழு வர்ற பூச்சிய இது கொல்லும். ஆனா அது சாவற அளவுக்குப் போட்டா மீனும் சாவும், எறாவும் சாவும். நான் கண்ணால பாத்தேன். கொஞ்ச நாளைக்கி இந்தத் தண்ணிய யாரும் குடிக்கக் கூடாது. ஆடு மாடும் கூடாது. போடணுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தொக்தர் என்னைப் பார்த்தார். "நான் சொன்னது ஒரு வரி. நீ சொன்னது அவ்வளவு நீளமா?"

"நேற்றுக் கிண்ணத்தில் பார்த்ததைச் சொன்னேன், முசியே."

அவர் முகம் செங்கல். அதற்குள் கரையில் கூச்சல்.

ஒரு கிழவி: "மீன் இல்லாம வெறுஞ்சோத்தத் தின்றதா?"

இடுப்பில் குடத்தோடு நின்றவள்: "கால் இல்லாத ஆம்பளைய வெச்சிகிட்டு மீனத் தின்னு என்னா பண்றது?"

ஊர் நாட்டாண்மை கையைத் தூக்கினார். "மீனு பரவால்ல. வல போட்டுப் புடிச்சிக்கிறோம். தண்ணிக்கி எங்க போறது? பக்கத்துல இருக்கறது தோட்டத்துக்குச் சொந்தக்காரரு கெணறு. அவரு எங்கள ஏத்தத்துகிட்டயே அண்ட விடமாட்டாரே."

மூட்டை பிரிக்காமல் திரும்பினோம். கட்டிலைத் தாண்டும்போது முருகேசன் மெதுவாக, "போட மாட்டீங்களா?" என்றான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது தொக்தர்: "திங்கட்கிழமை பேசுவோம்." வேலை போயிற்று என்றே நினைக்கிறேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை. பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. மதியம் அவர்கள் வந்தார்கள். சைகோன் சுங்கத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, பெயர் சேவியர், கூட அவர் அத்தை. நான் கையைப் புடவைக்குள் மறைத்தபடி காபி கொடுத்தேன். ஒரு கையால் எப்படிக் கொடுப்பது? பாதி தட்டில் சிந்தியது.

அத்தை: "பொண்ணு ஆஸ்பத்திரியில என்னா வேல பாக்குது?"

அம்மா அவசரமாக: "எழுத்து வேலதாங்க."

மாப்பிள்ளை என் விரலைப் பார்த்தார். "நீல மசியா?"

"இல்லை. மயில்துத்தம். தண்ணீர்ப்பூச்சி எவ்வளவில் சாகிறது என்று பார்க்கிறேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "அதுக்கு ஒரே கண்ணுன்னு எங்கயோ படிச்சேன், நெசமாவா?" எல்லாம் கேட்டார். குடத்தில் எப்படிப் பிழைத்தது என்று இரண்டு தடவை கேட்டார். கருப்பு, கொஞ்சம் தெற்றுப்பல், கேட்கும்போது தலையைச் சாய்க்கிறார்.

மே கடைசிக் கப்பலில் திரும்ப வேண்டுமாம். அதற்குள் கல்யாணம். வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

பிடித்துவிட்டது. அதுதான் தொல்லை. பிடிக்காவிட்டால் சுலபமாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 28, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. நாள் முழுக்கத் தொக்தர் கூப்பிடவே இல்லை. இருந்த சாடிகளையெல்லாம் கழுவினேன். கழுவினதையே மறுபடி கழுவினேன்.

இன்று பத்து மணிக்குக் கூப்பிட்டார். "நீ செய்தது தவறு" என்றார். "என் வாய்க்கு நீ நாக்காக இருந்திருக்க வேண்டும்." நின்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் சொல்லச் சொன்னதும் தவறு" என்றார். பிறகு தொப்பியை எடுத்தார். "அந்தக் கிணற்றுக்காரர் வீடு எங்கே இருக்கிறது என்று அஞ்சலையிடம் கேள்."

போனார். கேட்டார். தோட்டக்காரர் எழுந்து நின்று சம்மதித்தாராம், குளம் சரியாகும்வரை. அஞ்சலைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "எங்க மாமனாரு காலத்துலேர்ந்து கேக்குறோம். தொப்பி கேட்டாக் குடுக்குறான் பாருங்க சின்னம்மா."

வேலை இருக்கிறது. போகவில்லை.

ஏப்ரல் 29, புதன்

ஊரில் இன்று வலை. அஞ்சலை பூவரச இலையில் சுற்றி இரண்டு விரால் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா குழம்பு வைத்தாள். அப்பா மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார். எனக்கு முள் மட்டும்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று தலைக்குள் மணி.

ஏப்ரல் 30, வியாழன்

போட்டாயிற்று. கோணிப்பையில் துத்தத்தைக் கட்டி, வாழைமரத் தெப்பத்துக்குப் பின்னால் தொங்கவிட்டு, நான்கு பேர் கயிற்றால் குளம் முழுக்க இழுத்தார்கள். தெப்பம் போன வழியெல்லாம் நீலக் கோடு, பிறகு கலங்கி மறைந்தது. அளவு நான் சொன்ன அளவு.

வலைக்குத் தப்பிய கூனி இறால்கள் கரையோரம் வந்து துள்ளின. தவளைகள் ஏறி எங்கள் காலுக்கு இடையே ஓடின. பார்க்கப் பிடிக்கவில்லை. பார்த்தேன். நான் சொன்ன அளவு.

பெண்கள் வரிசையாகத் தோட்டக்கிணற்றுக்குக் குடத்தோடு போனார்கள். முதலில் போனவள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள், யாராவது தடுக்கிறார்களா என்று.

மே 1, வெள்ளி

காலையில் குளத்தின் நான்கு மூலையிலிருந்தும் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். முதல் தட்டு, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. எல்லாம் அடியில் பொடிப்பொடியாகக் கிடக்கின்றன. தொக்தர் பின்னால் நின்று என் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது, ஒன்றுமில்லை.

நான்காவதில் ஒன்று. தூசி என்று நினைத்தேன். தட்டைத் தட்டினேன். குதித்தது. வாலின் இரண்டு பக்கமும் முட்டைப் பை, நிறைய.

தொக்தர் குனிந்து பார்த்தார். "மழை வரும்வரை மாதாமாதம் போட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் வற்ற வற்ற அளவு மாறும். யார் பார்ப்பது?"

"நான்" என்றேன். யோசிக்கவே இல்லை. சொன்ன பிறகுதான் கப்பல் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அம்மிக் குழவியை அப்படியே விட்டுவிட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு என்னாடி சொல்றது?"

"மழை வந்ததும் சைகோனுக்கு வர்றேன்னு சொல்லுங்க. காத்திருக்க முடியுமான்னு கேளுங்க."

"ஒரு பூச்சிக்காவா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடினார், அவர்கள் வீட்டுக்குப் போக. இருங்கள் அப்பா, நானும் வருகிறேன், நானே கேட்கிறேன் என்றேன்.