கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கையில் ஜெரோம் கேட்டது

அன்புள்ள யோவ்,

பத்திரிகையில் ஊரே படிக்கிற கடிதத்தில் புருஷனை இப்படியா கூப்பிடுவாய் என்று உன் தங்கச்சி சண்டைக்கு வருவாள். பதினாறு வருஷம் உன்னை வேறு எப்படிக் கூப்பிட்டேன்? பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் நீ பயப்படுவாய், இன்றைக்கு ஏதோ இருக்கிறது என்று.

போன வாரம் கல்லறைத் திருநாளுக்காக உன் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தோமே, நானும் நம்ம பிள்ளையும், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எம் பேர மட்டும் மாத்திடுமா" என்றான். இதில் அவன் ஜெரோம்.

நீ போன இந்த இரண்டு வருஷத்தில் நம்ம தெருமுனையில் மூன்று பிரவுசிங் சென்டர் வந்துவிட்டது. பொட்டி பொட்டியாகத் தடுத்துத் திரை போட்டிருக்கிறார்கள். உனக்குப் பதிலாகத் துறைமுக ஆபீசில் எனக்கு ஃபைல் தூக்குகிற வேலை கொடுத்தார்கள் இல்லையா, வீடு வந்து சேர ஏழு மணி ஆகிறது. ஒன்பதாவது படிக்கிறவன் ப்ராஜெக்ட் என்று சொன்னால் நம்பாமல் என்ன செய்வேன்? ஆகஸ்டில் ஒரு நாள் சீக்கிரம் வந்தேன். அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகலாம் என்று சென்டருக்குள் நுழைந்து திரையை விலக்கினேன். அந்த மாதிரிப் படம். நம்ம பிள்ளை மௌஸைப் பிடித்தபடி வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா பாத்துகினு கீற?"

அவ்வளவுதான் வாயில் வந்தது. மிச்சத்தைக் கை பேசியது, அத்தனை பேருக்கு முன்னால்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன பேசுவது? மீசை அரும்புகிற பிள்ளையிடம் அம்மாக்காரி அதை எந்த வார்த்தையில் சொல்வாள்? எனக்குத் தெரிந்ததெல்லாம் குழாயடியில் திட்டுகிற வார்த்தைகள்தான். நம் இரண்டு பேருக்கும்தான் யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?

அதனால் சுலபமான வழியைப் பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அவனைக் கோயிலில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தன வரிசையில் நிறுத்திவிட்டு, வாசலில் செருப்புகள் பக்கத்தில் காத்திருந்தேன்.

"சொல்ட்டியா?"

"சொல்ட்டேன்."

அப்பாடா என்றிருந்தது. பேச வேண்டியதைச் சாமியார் பேசியிருப்பார், என் பாடு தீர்ந்தது என்று அன்றைக்கு வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன்.

மறுநாள் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க அவன் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து ஒரு வாரம் தவறாத பிள்ளை, கோயிலுக்கு வெளியே பைக்குகள் நிற்கிற இடத்தில் போய் நின்றான். வீட்டில் என் முகத்தைப் பார்ப்பதில்லை. செப்டம்பர் போனது, அக்டோபர் போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை. திரும்ப அந்தச் சென்டருக்குப் போகிறானா? வேறு எங்காவது போகிறானா? யாருடன் போகிறான்? சாமியாரிடம் போய், அவன் அன்றைக்கு என்ன சொன்னான் என்று கேட்டேன். "அங்க கேட்டத நான் என்னப் பெத்தவங்ககிட்ட கூட சொல்ல முடியாதும்மா" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

கல்லறையில் உன் கல்லுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து அடித்தேன், அந்தப் பக்கம் அவன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் அவனுக்கு வாய் வந்தது என்று நினைக்கிறேன்.

"மா, அன்னிக்கி சாமியார்கிட்ட நான் அத்த சொல்லல. பொய் சொன்னேன், டியூசன் கட்டடிச்சேன்னு மட்டும் சொல்லிட்டு எய்ந்து வந்துட்டேன். பாவத்த மறச்சுட்டு எப்டிமா நன்மை வாங்கறது?"

நான் பிரஷை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான்.

"அதுல அந்தப் பொண்ணு அய்துகினே இருந்துச்சுமா. யாரும் வுடல. கல்யாணம் ஆனா அப்டித்தானா? நைனா உன்ன..."

முடிக்கவில்லை. பிள்ளை கெட்டுப்போய்விட்டான் என்று மூன்று மாதமாக நான் பயந்துகொண்டிருந்தேன். அவனோ உன்னை நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறான்.

"இல்லடா கண்ணு. நான் வேணான்னா உங்க நைனா திரும்பிப் பட்த்துக்குவாரு. காலைல டீ போட்டு அவரேதான் எய்ப்புவாரு. அதெல்லாம் காசுக்கு எடுக்கறது. அந்தப் பொண்ணுக்கு இன்னா கஷ்டமோ. யாராச்சும் அய்தா வுட்டுடணும். எனுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

அவன் பிரஷை வாளியில் போட்டான்.

"நைனா இதெல்லாம் பாத்துகீறாரா?"

யோவ், நீ போன பத்தாம் நாள் துறைமுகத்தில் உன் லாக்கரைக் காலி செய்யச் சொன்னார்கள். உன் ஹெல்மெட், உன் ஜெபமாலை, அதற்கும் அடியில் பேப்பரில் சுற்றி அந்த மாதிரிப் புத்தகம் ஒன்று. செத்தவனிடம் எப்படிச் சண்டை போடுவது? ஸ்டவ்வில் போட்டு எரித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கேட்க நீ இல்லையே என்று அதற்கும் சேர்த்துத்தான் அழுதேன். இப்போது உன் பிள்ளை உன் கல்லின் மேல் கை வைத்துக்கொண்டு கேட்கிறான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். உன் மானமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் நாளைக்கு அவனுக்கு உண்மை தெரிந்தால் என் பேச்சில் எதை நம்புவான்?

"பாத்தாருடா. எனுக்குத் தெரியாம. மறச்சாரு பாரு, அதான் எனுக்கு இன்னிக்கும் வலிக்குது."

அவன் உன் பேர் வெட்டியிருக்கிற இடத்தையே பார்த்தபடி இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நைனாவும் பயந்துகினேதாமா பாத்திருப்பாரு."

இரண்டு வருஷமாக உன்னை ஏமாற்றுக்காரன் என்று நினைத்திருக்கிறேன், என்னைப் பிடிக்காதவன் என்று நினைத்திருக்கிறேன். பயந்தவன் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அது பதினாலு வயசுப் பிள்ளைக்குத்தான் தெரிந்தது. சுண்ணாம்புக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். கண் எரிந்தது. அவன்தான் தண்ணீர் கொண்டுவந்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த மூன்று சென்டரும் டியூஷன் போகிற வழியில்தான் இருக்கின்றன. கல்லறைத் திருநாள் பூசையிலும் அவன் நன்மை வாங்கவில்லை. "வர்ற சனிக்கெயம நானே போறேன், நீ வராத" என்று சொல்லியிருக்கிறான். போவானா? திரும்பவும் ஏதாவது கேட்பான், எனக்குப் பதில் தெரியாது.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனி அவன் கேட்கிற எதற்கும் அவனை வரிசையில் நிறுத்திவிட்டு வாசலில் நிற்க மாட்டேன். தெரியாவிட்டால் தெரியாது என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். உன்மேல் இருக்கிற கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் உன் கல்லுக்கு இரண்டாவது கோட்டும் அடித்துவிட்டுத்தான் வந்தேன்.

உன் பிள்ளையைப் பெற்றவள்,
இன்னும் உன் பொஞ்சாதி.