எந்த மீன் வந்து சொன்னது?

என் வசந்தா அக்காவுக்கு,

உன்னைத் தண்ணீர் கொண்டுபோய் ஒரு வருஷமாகிவிட்டது. நேற்று உத்திரமேரூரில் உனக்கு நினைவுக் கூட்டம். பேச வந்தவர் யார் தெரியுமா? அரிசி மில் முதலாளி! உன் படத்துக்கு மாலை போடும்போதுகூட அவர் கண் போட்டோக்காரர் மேலேயே இருந்தது.

ஊர் உலகத்து வெள்ளக் கதையெல்லாம் எடுத்துவிட்டார். நம் புராணத்தில் ஒரு மீன் வந்து ராஜாவை எச்சரித்ததாம். மேற்கே ஒரு பெரியவர் கடவுள் சொன்னபடி பேழை கட்டி, மிருகங்களை ஜோடி ஜோடியாக ஏற்றினாராம். அதற்கும் பழைய களிமண் பலகைக் கதையில், தெய்வம் நாணல் சுவரோடு ரகசியம் பேசியதாம்.

"எல்லாம் ஒரே கதைதாம்மா. உலகம் கெட்டா தண்ணி வந்து கழுவும். நல்லவங்க தப்பிச்சுக்குவாங்க" என்று முடித்தார். கை தட்டினார்கள் அக்கா, வெட்கமே இல்லாமல்.

அன்று ஏரி ஷட்டரைத் திறக்கப் போவதாக நம் தெருவுக்கு யார் சொன்னது? தண்ணீர் தெருவுக்குள் ஏறியதும்தான் நமக்குத் தெரிந்தது. அங்கன்வாடிப் பிள்ளைகளை மேட்டுக்கு அனுப்பிவிட்டு, படுத்த படுக்கையாய்க் கிடந்த கன்னியம்மாளைத் தூக்க ஓடினாய். அவளை மாடிப்படியில் ஏற்றிவிட்டாய். நீ ஏறவில்லை.

எழுந்து நின்றேன். "அப்போ எங்க அக்கா கெட்டவளாய்யா? உன் நெல்லு மூட்டையெல்லாம் மொத நாளே மேட்டுக்குப் போச்சே, ஒனக்கு எந்த மீனு வந்து சொல்லிச்சு?"

பல்லைக் காட்டினார். "சாமி மனசுல சொல்லிச்சும்மா."

பின்னாலிருந்து அவருடைய லாரி டிரைவர் கத்தினார்: "சாமியாவது பூதமாவது! ஷட்டர் தொறக்கப் போறாங்கன்னு மொத நாள் காத்தாலயே போன் வந்துச்சு. நாந்தானே மூட்டைய ஏத்திக்கினு போனேன்? வெளிய சொல்லக்கூடாதுன்னாரு, ஜனங்க மேட்டுல எடம் புடிச்சுக்குவாங்களாம்."

முதலாளி செருப்பைத் தேடினார், ஒன்றுதான் கிடைத்தது. அப்படியே கார் ஏறிவிட்டார். அவர் அளந்த கதைகளில் எவனாவது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினானா? அதை ஏன் அக்கா யாரும் கேட்கவில்லை?

டிரைவருக்கு இன்று வேலை போய்விட்டது. கன்னியம்மா உன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கிறாள்.

இந்த மழைக்கு டிரைவர் அண்ணனும் நானும் ஏரிக்கரையில் முறை வைத்து நிற்கப் போகிறோம். ஷட்டர் அசைந்தால் ஒரு கதவு விடாமல் தட்டுவேன். முதலாளி வீட்டுக் கதவையும்தான். அந்த ஆளை மாதிரி ஆவதைவிட எனக்குக் கேவலம் வேறில்லை.

உன் கூடப்பிறந்தவள்,
மல்லிகா